முதல் இரண்டு நிமிடம்

கல்லூரி மாணவர்கள் எடுத்த குறும்படங்களில் நாலைந்து பார்த்தவர்களுக்கே இந்தத் தொடக்கம் மனப்பாடமாகியிருக்கும். கறுப்புத் திரை. அலாரம் அடிக்கும். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து போனைத் தடவி அணைக்கும். அடுத்த ஷாட்டில் பிரஷ்ஷில் பேஸ்ட். அதற்கடுத்து வாஷ்பேசின் கண்ணாடியில் நாயகன் தன் முகத்தையே ஏதோ ரகசியம் தெரிந்தவன்போல உற்றுப் பார்ப்பான். பின்னணியில் கிதார். இதற்குள் ஒன்றரை நிமிடம் போயிருக்கும். கதையில் ஒன்றும் நடந்திருக்காது.

இதைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு. 2010-ல், பொறியியல் மூன்றாம் ஆண்டில், நானே இப்படி ஒன்று எடுத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய ஹேண்டிகேம், ஹாஸ்டல் அறை, விண்டோஸ் மூவி மேக்கர். போன் அலாரம் அழகாக இல்லை என்று ஒரு மேஜைக் கடிகாரத்தைத் தேடி வாங்கினோம். ஏன் எல்லோரும் இதிலேயே போய் விழுகிறோம் என்று பின்னாட்களில் யோசித்திருக்கிறேன். காரணம் ரொம்ப எளிது. ஒரு அறை போதும், ஒரு நடிகன் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் இலவசம். தவிர, ஒருவனைப் பற்றிக் கதை சொல்ல வேண்டுமென்றால் அவன் எழுந்திருப்பதிலிருந்துதானே தொடங்க வேண்டும் என்று இருபது வயதில் தோன்றும். புரோகிராமிங் கற்றுக்கொள்பவன் முதலில் 'ஹலோ வேர்ல்ட்' என்று திரையில் வரவழைப்பதுபோல, படம் எடுக்கக் கற்றுக்கொள்பவன் அலாரம் அடிக்க வைக்கிறான்.

ஆகவே போன வருடம் என் சித்தி மகன் தன் இறுதியாண்டுக் குறும்படத்தை அனுப்பி, "பாத்துட்டு சொல்லுங்ணா, எடிட் இன்னும் முடியல" என்றபோது, முதல் ஃப்ரேமில் ஒரு செல்போனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

அவன் கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தான். வீடு பல்லடம் பக்கம். படம் பதினான்கு நிமிடம். ஊரை விட்டு முதல்முறையாக பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பையனின் கடைசி நாள் வீட்டில் எப்படிக் கழிகிறது என்பதுதான் கதை. பெரிய சண்டை இல்லை, அழுகை இல்லை. அம்மாவாக நடித்தது அவனுடைய நிஜ அம்மா, என் சித்தி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். படத்திலும் அதே வேலை.

தொடக்கம் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். ட்ரோனில் ஊரின் மேல் ஒரு சுற்று. இருட்டில் போன். ஒரு கை. அடுப்பு. பால் பாக்கெட்டை வெட்டுவது. டிபன் பாக்ஸ். பையன் பல் துலக்குவது. கண்ணாடி. எல்லாவற்றுக்கும் மேல் எங்கிருந்தோ இறக்கிய பியானோ இசை. பிறகு, பையன் ஹாலில் பெட்டியைத் திறந்து வைத்துத் துணி அடுக்குவதில் கதை தொடங்குகிறது.

நான் சொன்னேன்: "தம்பி, முதல் ரெண்டு நிமிஷத்தைத் தூக்கிடு. பெட்டி அடுக்கறதுல இருந்து ஆரம்பி. யூட்யூப்ல முதல் பத்து செகண்ட்ல ஆள் ஓடிப்போயிருவான்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "சரிங்ணா" என்றான்.

என் தரப்பில் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். நான் வேலை செய்வது மென்பொருளில். எங்கள் பழக்கம் அப்படி. யாரும் அழைக்காத ஃபங்ஷன் கிடந்தால் அழிப்பதுதான் நல்ல நடத்தை. வீடியோ போடுகிறவர்களுக்கு யூட்யூப் ஒரு வரைபடம் காட்டும். எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சமிருந்தார்கள் என்று. அந்தக் கோடு தொடக்கத்தில்தான் செங்குத்தாக விழும். அதைப் பார்த்துப் பழகிய கண், தொடக்கம் என்பதையே வாடிக்கையாளரைக் கடைக்குள் இழுக்கும் வேலையாக நினைக்க ஆரம்பித்துவிடுகிறது.

ஆனால் எனக்கு வேறு விஷயமும் தெரிந்திருந்தது என்பதுதான் வெட்கம். 'அபோகலிப்ஸ் நவ்', 'த கான்வர்சேஷன்' படங்களில் பணியாற்றிய எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு நல்ல வெட்டு எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று ஆறு விஷயங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம். கதைக்கு 23. தாளத்துக்கு 10. பார்வை திரையில் எங்கே இருக்கிறது என்பதற்கு 7. கடைசி இரண்டும், திரையின் தட்டைத்தளம், நிஜ இடத்தின் முப்பரிமாணத் தொடர்ச்சி ஆகியவை முறையே 5, 4. எண்கள் இருப்பதாலேயே என்னைப் போன்ற பொறியாளர்களுக்குப் பிடித்துப்போன பட்டியல் இது. பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். தம்பிக்கு அறிவுரை சொன்னபோது 23-ஐ மட்டும் கணக்கில் எடுத்தேன். கதைக்கு உதவுகிறதா? இல்லை. தூக்கு. 51 என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லை.

அவன் தூக்கினான். கல்லூரியில் திரையிட்டார்கள். பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வேறு ஏதோ விஷயமாக சித்தி போனில் பேசினார். வைக்கும் முன் கேட்டார்: "ஏங்கண்ணு, வெடியால நாலு மணிக்கு எந்திரிச்சு லைட்டப் போட்டுட்டு என்னைய எடுத்தானே, அது படத்துல காணமே? நாந்தான் சரியா நடிக்கலையாட்ட இருக்குது."

நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "இல்லைங் சித்தி, நீளமாயிருச்சுன்னு..." என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன்.

*

சில நாள் கழித்து, இதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'த பிக் ஷேவ்' படத்தை மறுபடி பார்க்க நேர்ந்தது. 1967-ல் எடுத்தது. நியூயார்க் பல்கலைக்கழக நாட்களை ஒட்டிய, ஆறு நிமிடம்கூட முழுதாக இல்லாத வண்ணப் படம். ஒருவன் குளியலறைக்கு வந்து முகச்சவரம் செய்துகொள்கிறான். அவ்வளவுதான் கதை. அதாவது நம் மாணவர்கள் எல்லோரும் எடுக்கிற அதே காலை நேரம், அதே வாஷ்பேசின், அதே கண்ணாடி.

ஆனால் படம் மனிதனில் தொடங்குவதில்லை. முதலில் ஆளில்லாத குளியலறை. வெள்ளை ஓடுகள், வெள்ளைப் பேசின், பளபளக்கும் குழாய், கழிப்பறைப் பீங்கான் என்று துண்டு துண்டாக, நெருக்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எல்லாம் துடைத்து வைத்ததுபோல. அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் வந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். மேலே பன்னி பெரிகனின் 1937 இசைத்தட்டு, ஒரு பழைய காதல் பாட்டு, டிரம்பெட்டோடு ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம்தான் அந்த இளைஞன் வருகிறான். பீட்டர் பெர்னுத் என்பவர் நடித்திருக்கிறார். வெள்ளை டி-ஷர்ட்டைக் கழற்றுகிறான். கழற்றுவது ஒருமுறை முடிவதற்குள் வெட்டு, மறுபடி கழற்றுகிறான், மறுபடியும். ஒரே செயல் திரையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஐசன்ஸ்டைன் 'பொதெம்கி'னில் (1925) மாலுமி தட்டை உடைக்கும் இடத்தில் ஒரே செயலைப் பல துண்டுகளில் நீட்டியிருப்பார். அங்கே அது கோபத்தைப் பெரிதாக்குகிறது. இங்கே யாருக்கும் கோபம் இல்லை. சட்டை கழற்றுவதில் என்ன இருக்கிறது?

பதில் சில நிமிடம் கழித்து வருகிறது. அவன் நுரை பூசி, சவரம் செய்து முடிக்கிறான். முகம் சுத்தம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறுபடி நுரை பூசுகிறான். மறுபடி சவரம் செய்கிறான். இப்போது தோல் கிழிகிறது. நிறுத்துவதில்லை. இரத்தம் கன்னத்தில், கழுத்தில், பேசினில், குழாயின் மேல். முகத்தில் வலியே தெரிவதில்லை. பாட்டு நிற்பதில்லை. கேமரா பதறி விலகுவதும் இல்லை, பதறி நெருங்குவதும் இல்லை. குழாயை எப்படிக் காட்டியதோ அப்படியே இரத்தத்தையும் காட்டுகிறது. கடைசியில் தொண்டையைக் குறுக்கே அறுத்துக்கொள்கிறான். முடிவில் வரும் எழுத்துகளில் 'வியட் '67' என்று இருக்கும். வெண்மைக்கான நன்றி ஹெர்மன் மெல்வில் பெயருக்கு. ஒரு தேசம் தன்னையே அறுத்துக்கொள்வதைப் பற்றிய படம் என்று அப்போதுதான் புரிகிறது.

நான் வேலையிடத்தில் செய்கிற ஒரு காரியத்தை இந்தப் படத்திடம் செய்து பார்த்தேன். ஒரு வரி எதற்காக இருக்கிறது என்று தெரியாவிட்டால் அதை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்போம். எது உடைகிறது என்று தெரிந்தால் அந்த வரியின் வேலை தெரிந்துவிடும். லேப்டாப்பில் படத்தை இறக்கி, ஆளில்லாத குளியலறை ஷாட்டுகளையும், திரும்பத் திரும்பச் சட்டை கழற்றுவதையும் நீக்கினேன். இளைஞன் நுரை பூசுவதில் படம் தொடங்குகிறது. தம்பிக்கு நான் சொன்ன அதே அறிவுரை.

கதையில் எதுவும் உடையவில்லை. எல்லாம் புரிகிறது. ஆனால் படம் செத்துவிட்டது. வெறும் இரத்த வித்தை. வெள்ளையைப் பழக நேரம் கிடைக்காததால் சிவப்பு எதையும் கெடுக்கவில்லை. சட்டையைத் திரும்பக் கழற்றியது போய்விட்டதால் அவன் இரண்டாம் முறை நுரை பூசுவது ஒரு திருப்பமாக மட்டும் இருக்கிறது. மூலப் படத்தில் அது அப்படியில்லை. இந்த உலகத்தில் செய்ததையே மறுபடி செய்வார்கள் என்று எடிட்டிங் நமக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறது. நாம் கவனிக்காமல் அதை ஒப்புக்கொண்டும் விட்டோம். அதனால்தான் அவன் மறுபடி கத்தியை எடுக்கும்போது "ஐயோ, தெரியுமே" என்று வயிறு கலங்குகிறது.

தொடக்கத்தின் வேலை ஆளை இழுப்பதோ பாத்திரத்தை அறிமுகம் செய்வதோ மட்டுமில்லை என்று அப்போது பட்டது. இந்தப் படத்தில் எது சாதாரணம் என்று அது சொல்லித் தருகிறது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறோம், ஒரு பார்வை எத்தனை நொடி நீடிக்கும், எந்தச் சத்தம் இங்கே எப்போதும் இருப்பது. தராசில் எடை போடும் முன் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதுபோல. முள்ளைப் பார்க்காமல் போட்ட எடையை யார் நம்புவார்கள்?

*

ஒரு படத்தை வைத்து விதி செய்துவிடக் கூடாதென்று இன்னும் இரண்டு மாணவர் படங்களைத் தேடிப் பார்த்தேன். இரண்டிலும் கண்ணாடி உண்டு என்பது தற்செயல்தான். ஆனால் வாஷ்பேசின் கண்ணாடியிலேயே சிக்கிக்கொண்ட நமக்கு அது உதவும்.

ரோமன் பொலான்ஸ்கி போலந்தின் லோட்ஸ் திரைப்படப் பள்ளியில் படிக்கும்போது 1958-ல் எடுத்த 'டூ மென் அண்ட் எ வார்ட்ரோப்'. சுமார் பதினைந்து நிமிடம், வசனமே கிடையாது, கிரிஸ்டோஃப் கொமேடாவின் ஜாஸ் இசை மட்டும். கடலிலிருந்து இரண்டு பேர் ஒரு பெரிய அலமாரியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருகிறார்கள். இதைவிட விசித்திரமான தொடக்கம் யாருக்குத் தோன்றும்? நாமாக இருந்தால் தண்ணீருக்குள் கேமராவை முக்கி, முகத்துக்கு ஒரு குளோசப், அலமாரிக் கதவின் கைப்பிடிக்கு ஒரு குளோசப், மெதுவாக ஓடும் ஷாட் என்று நிரப்பியிருப்போம். பொலான்ஸ்கி அகலமாக, அமைதியாக வைத்திருக்கிறார். கடல், கரை, நடுவே அலமாரி. ஊருக்கு வந்த விருந்தாளிகளைப் பார்ப்பதுபோல கேமரா பார்க்கிறது. கேமரா ஆச்சரியப்படாததால் நாமும் அலமாரியை ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.

ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவர்கள் ஊருக்குள் போகிறார்கள். அங்கே யாருக்கும் அலமாரி வேண்டாம். டிராமில் இடமில்லை, உணவகத்தில் இடமில்லை, விடுதியில் இடமில்லை. அலமாரிக் கதவில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதைப் படுக்கப் போட்டு அதன்மேல் அவர்கள் மீனை வைத்துச் சாப்பிடும்போது கண்ணாடியில் வானம் தெரிய, மீன் மேகத்தில் நீந்துகிறது. கடைசியில் அடிபட்டு, கடற்கரையில் ஒரு சிறுவன் வரிசையாகச் செய்து வைத்த மணல் குவியல்களை மிதித்துவிடாமல் கவனமாக நடந்து, திரும்பக் கடலுக்குள்ளேயே போய்விடுகிறார்கள். முதல் ஷாட் கடலைச் சாதாரணமாகக் காட்டியதால்தான் ஊர் விசித்திரமாகத் தெரிகிறது. தொடக்கத்தில் கேமரா கொஞ்சம் வியந்திருந்தால், ஊர்க்காரர்கள் பக்கம் நியாயம் போயிருக்கும்.

இன்னொன்று, ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி மாஸ்கோ திரைப்படப் பள்ளியில் பட்டத்துக்காக எடுத்த 'த ஸ்டீம்ரோலர் அண்ட் த வயலின்', 1961-ல் வந்தது. வயலின் கற்றுக்கொள்ளும் சிறுவனுக்கும் சாலை போடும் இயந்திரம் ஓட்டுபவனுக்கும் ஏற்படும் ஒருநாள் நட்பு. ஒளிப்பதிவு வாதிம் யூசோவ். ஆரம்பத்தில் சிறுவன் வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு கடையின் கண்ணாடிகள் முன் நின்றுவிடுகிறான். தெரு உடைந்து பலவாகப் பெருகுகிறது. போகிறவர்கள், டிராம், சிதறும் ஆப்பிள்கள். கதைக்கு இது தேவையா என்று கேட்டால், தேவையில்லை. என்னிடம் அனுப்பியிருந்தால் தூக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு வருகிற நனைந்த தார்ச்சாலை, குட்டையில் நடுங்கும் வெளிச்சம் எல்லாவற்றையும் நாம் அந்தச் சிறுவனின் கண்ணால்தான் பார்க்கிறோம். அந்தக் கண் நமக்குக் கிடைத்தது கண்ணாடிக் கடையில்.

நம் படங்களில் நாயகன் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறான். பொலான்ஸ்கியின் கண்ணாடியில் வானம் தெரிகிறது, தார்க்கோவ்ஸ்கியின் கண்ணாடியில் ஊர் தெரிகிறது. ஸ்கார்செஸியின் கண்ணாடியில் அவனே தெரிந்தாலும், அவன் பார்ப்பது தன்னை என்று தோன்றுவதில்லை.

*

தம்பி முதலில் அனுப்பிய ஃபைல் டிரைவில் அப்படியே இருந்தது. அன்றிரவே திறந்து, இந்தமுறை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன்.

ட்ரோன் ஷாட் தேவையில்லாததுதான். அதில் நான் சொன்னது இப்போதும் சரி. பிரஷ், கண்ணாடி, இரண்டும் வீண். ஆனால் போன் வருகிற ஷாட். முழுதாக ஒன்றரை நொடிகூட இல்லை. இருட்டில் திரை ஒளிர்கிறது. மணி 4:29. சித்தியின் விரல் வந்து அலாரத்தை அணைக்கிறது. திரையில் கீழே சின்னதாக, அலாரம் 4:30-க்கு என்று இருக்கிறது.

அலாரம் அடிக்கவே இல்லை.

சித்தி அதற்கு முன்பே விழித்திருக்கிறார். பக்கத்தில் பையன் தூங்குகிறான், சத்தம் வரக்கூடாது. ஒற்றை அறை வீட்டில் வளர்ந்த எவனுக்கும் சொல்லாமலே புரிகிற விஷயம். நானும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன்தான். போனைப் பார்த்ததும் 'ஓ, அலாரம் ஷாட்' என்று சிரித்துவிட்டதால் மணியைப் படிக்கவில்லை.

அதைவிட மோசமானது படத்தின் கடைசி ஷாட். பெங்களூரில் நாலு பேர் தங்கும் பிஜி அறை. இருட்டு. அலாரம் அடிக்கிறது. நீளமாக அடிக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தன் புரண்டு திட்டுகிறான். பையன் எழுந்து உட்கார்ந்து, கையில் அடிக்கிற போனைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறான். படம் முடிகிறது. இந்த முடிவையும் நான் அப்போது குறை சொல்லியிருந்தேன்: "முடிவு வீக்கா இருக்கு, சட்டுன்னு நின்னுடுது." நிற்கத்தானே செய்யும்? மேலே அறிவித்த ஒன்றை அழித்துவிட்டு, கீழே அதைக் கூப்பிடுகிற வரி ஏன் ஓடவில்லை என்று கேட்டவன் நான். வேலையிடத்தில் ஒரு ஜூனியர் இதைச் செய்திருந்தால் அன்று முழுக்கப் பேசியிருப்பேன்.

தம்பியைக் கூப்பிட்டேன். "அந்த 4:29 தெரிஞ்சுதான் வச்சியா?"

"ஆமாங்ணா. அதுக்குத்தான் கடைசில அடிக்க வச்சேன்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீங்களே பாத்துட்டுத் தெரியலைன்னா, யாருக்குமே தெரியாதுன்னு நெனச்சேனுங்ணா."

அவன் சொன்னதில் பாதி என் குற்றம். மீதி நிஜமாகவே அந்த ஷாட்டின் குற்றம். அதையும் பேசாமல் விட்டால் இது மன்னிப்புக் கடிதம் ஆகிவிடும், விமர்சனம் ஆகாது. சின்ன எண்ணைப் படித்து, அது அடிக்கவேண்டிய நேரத்தைப் படித்து, விரலைப் பார்த்து, மூன்றையும் கோர்த்துக்கொள்ள ஒன்றரை நொடி போதாது. கண்ணுக்குப் போதலாம், மனதுக்குப் போதாது. பியானோ இசை இன்னொரு தவறு. அலாரம் அடிக்கவில்லை என்பது காதால் உணரவேண்டிய விஷயம். எங்கும் இசை ஓடிக்கொண்டிருந்தால் மௌனம் எப்படிக் கேட்கும்? அவனிடம் அந்த ஷாட்டின் அசல் ஒலியை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். விசைத்தறிச் சத்தம். பக்கத்துத் தெருவில் இரவு ஷிப்ட். டக்டக், டக்டக் என்று ஒரே சீராக. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதுதான் அமைதி. தறி நின்றால்தான் தூக்கம் கலையும். அதை அழித்துவிட்டு இணையத்தில் கிடைத்த பியானோவைப் போட்டிருந்தான்.

மூன்றாவது, லென்ஸ். கேமரா வாங்கிய எல்லா மாணவர்களும் அடுத்ததாக வாங்குவது 50 எம்எம், எஃப் 1.8. விலை குறைவு, பின்னணி அழகாக மங்கும், படம் சினிமாபோலத் தெரியும். விடிகாலையில் ஒற்றை டியூப் லைட்டில் எடுக்க அவனுக்கு வேறு வழியும் இல்லை, வெளிச்சம் பத்தாது. ஆனால் விளைவு என்னவென்றால், அந்த வீடே மங்கிவிட்டது. அடுப்பு மங்கல், சுவரில் மாட்டிய காலண்டர் மங்கல், தரையில் படுத்திருக்கும் பையன் ஒரு பழுப்புத் திட்டு. ஸ்கார்செஸியின் குழாய் அத்தனை கூர்மையாக இருப்பதை நினைத்துக்கொண்டேன். எந்த இடத்தை விட்டு ஒருவன் போகிறான் என்பதுதான் கதை என்றால், அந்த இடத்தை மங்கலாக்கிவிட்டு அவன் முகத்தை மட்டும் கூர்மையாக வைத்து என்ன பயன்? டிரைபாடில் வைத்து, லென்ஸை ஐந்தோ ஆறோ வரை மூடி, ஐஎஸ்ஓவைக் கூட்டியிருக்கலாம். கொஞ்சம் புள்ளி விழும். விழட்டுமே. நாலரை மணி அப்படித்தான் இருக்கும்.

இதிலிருந்து மாணவர்களுக்கு விதியாக எதையும் சொல்ல எனக்குத் தயக்கம். 'அலாரத்தில் தொடங்காதே' என்பதும் விதிதான். அதை நம்பித்தான் ஒரு நல்ல ஷாட்டைக் கொன்றேன். 'தொடக்கத்தை நீளமாக வை' என்று நான் இப்போது சொன்னால், இன்னும் நூறு ட்ரோன் ஷாட் வரும். ஒன்று மட்டும் செய்து பார்க்கலாம். படத்தின் கடைசி ஷாட்டையும் முதல் ஷாட்டையும் டைம்லைனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். ஒன்றை ஒன்று கூப்பிடுகிறதா? கூப்பிட்டால், முதல் ஷாட் எவ்வளவு சலிப்பாகத் தோன்றினாலும் அதில் கை வைக்க வேண்டாம். அது கேட்கும்படியாக எடுத்திருக்கிறோமா என்று மட்டும் பாருங்கள். கூப்பிடவில்லையென்றால், அது கடலிலிருந்து அலமாரி வருகிற ஷாட்டாகவே இருந்தாலும் தூக்கிவிடலாம்.

*

தம்பி மறுபடி எடிட் செய்தான். நான் ஒரு பெரிய திட்டமே எழுதி அனுப்பியிருந்தேன்: முதலில் தூங்குகிற பையன், பிறகு போன், பிறகு சித்தியின் முகம் என்று. அதில் ஒன்றையும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்புத் திரையில் தறிச் சத்தம் மட்டும் எட்டு நொடி. பிறகு, புதிதாக எடுத்த ஒரே ஷாட். அகலமாக, அறை முழுக்கத் தெரியும்படி, இருட்டில். 4:28 என்று இருக்கும் போனின் வெளிச்சத்தில் பாதி அறைதான் தெரிகிறது. 4:29 ஆகிறது. கை வருகிறது. திரை அணைகிறது. தறி ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே பெட்டி அடுக்குவது. மொத்தம் நாற்பது நொடிக்குள். 4:28 என்பது 4:29 ஆக மாறுவதைக் காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒரு நிமிட மாற்றத்தில்தான் பார்க்கிறவன் மணியைப் படிக்கிறான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டிவியில் போட்டுக் காட்டினான். சித்தி அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றபடியே பார்த்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தம்பியைப் பார்த்து,

"கை மட்டுந்தான் தெரியுது. முன்னாடியே சொல்லியிருந்தீன்னா வளையலை மாத்தியிருப்பேன்ல," என்றார்.